காரில் ஆன்டெனாவை எங்கே வைத்தீர்கள்? வேலூர்ப் பக்கத்து ஹாம் ரேடியோக்காரர்களின் அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

ஹாம் லைசன்ஸ், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான லைசன்ஸ், வந்து ஆறு மாதம் கழித்துத்தான் காரில் ரேடியோ செட் மாட்டினேன். ஆன்டெனாவை டிக்கி மூடியின் இடது ஓரத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. கையில் இருந்தது அந்தக் கிளாம்ப்தான், வீட்டு போர்ட்டிகோவிலும் இடிக்காது. வேலூர் டவுனுக்குள் பேசும்போது ஒரு குறையும் தெரியவில்லை. சென்னைப் பக்கம் கிளம்பினால் மட்டும், வாலாஜா தாண்டுவதற்குள் காட்பாடி நண்பர் "சார், கரகரன்னு வர்றீங்க" என்பார். திரும்பி வரும்போது அதே இடத்தில் பளிச்சென்று கேட்கும். போகிற பாதையில் கேட்காதது வருகிற பாதையில் எப்படிக் கேட்கும்? செட்டைக் கழற்றிக் கழற்றிப் பார்த்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவு ஒன்றுக்கு வண்டியை ஓட்டிப் போனேன். நண்பர் அவர் வீட்டு மொட்டை மாடியில் செட்டின் சிக்னல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக வட்டமடித்து, கால் வட்டத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பேசினேன். வண்டியின் மூக்கு அவர் பக்கம் இருந்தபோது முள் ஏறியது. முதுகைக் காட்டியதும் படுத்துவிட்டது. ஆடு மேய்க்க வந்த பெரியவர் மூன்றாவது சுற்றில் பொறுக்க மாட்டாமல், "இன்னா சார், வண்டி கத்துக்கிறியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். கால் அலைக் கம்பி பாதி ஆன்டெனா, மீதிப் பாதி வண்டியின் தகரம். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டரை ஒட்டி வரும், கம்பி அரை மீட்டர். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை மீட்டராவது தகரம் இருந்தால் அலை நாலு பக்கமும் சமமாகப் போகும். ஓரத்தில் வைத்தால் தகரம் அதிகமுள்ள பக்கம் சாயும். பின் இடது மூலை என்றால் முன் வலது பக்கம். அதனால்தான் காட்பாடிக்கு முதுகைக் காட்டிப் போகும்போது நான் கரகரத்தேன்.

காந்த அடி (அடியில் காந்தம் உள்ள ஆன்டெனா ஸ்டாண்ட்) வாங்கிக் கூரை நடுவில் ஒட்டி, மறுபடி வட்டமடித்தேன். முள் கிட்டத்தட்ட ஆடவே இல்லை.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணே, உங்களுக்காவது சாய்ந்தது. எனக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் பவர் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, ஒன்றை ஒட்டி இருந்தால் நல்லது) மூன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. பொலேரோ வண்டி, மேலே கேரியர். உயரமான இடம்தானே என்று கேரியர் கம்பியிலேயே பிராக்கெட் அடித்து மாட்டினேன். கம்பியை ஒரு சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டர் என்று வெட்டிக்கொண்டே போனேன். கம்பிதான் குட்டையானது, மீட்டர் அசையவில்லை.

கேரியரின் காலுக்குக் கீழே ரப்பர் பட்டை, மேலே தடிமனாக பெயின்ட். ஆக, கேரியருக்கும் கூரைக்கும் சம்பந்தமே இல்லை, ஆன்டெனா அந்தரத்தில் நிற்கிறது. பின்னல் செப்புப் பட்டை கொஞ்சம் வாங்கி, பெயின்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்துக் கேரியரின் நான்கு காலையும் பாடியோடு முறுக்கினேன். புதுக் கம்பி போட்டதும் 1.5க்கு வந்தது. இப்போதும் கேரியரில் வாழைத்தார் ஏற்றினால் ஆன்டெனா மக்கர் பண்ணும். ஈரமும் பச்சையும் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் பண்ணத்தான் செய்யும்.

ஆம்பூரிலிருந்து:

நான் ஓட்டை போட்டவன். 19 மில்லிமீட்டர் ஓட்டை, கூரையின் நட்டநடுவில். டிங்கர் பட்டறையில் சொன்னதும், "நல்லா கீற வண்டிய ஏன் சார் பாழாக்குற?" என்று அந்த ஆள் டிரில்லைக் கீழேயே வைத்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்து, ஆன்டெனாவைக் கையில் கொடுத்து, அரை மணி நேரம் பேசின பிறகுதான் சம்மதித்தார்.

உள்ளே விளக்கு இருக்குமிடத்தில் லைனிங்கை இறக்கி, கூரையின் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டோம். சைடு ஏர்பேக் உள்ள வண்டியில், அது இருக்கும் தூண் வழியாகக் கேபிளை இழுக்கவே கூடாது. என் வண்டியில் அது இல்லை. மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, சின்ன பிட்டில் துளை போட்டு, பிறகு வட்டமாக அறுக்கும் ஹோல் சா. தகரம் வட்டமாகக் கழன்று விழுந்தபோது டிங்கர் கண்ணை மூடிக்கொண்டார். நானும்தான். வெட்டின ஓரத்தில் பிரைமர் தொட்டு வைத்தோம், அடியில் மட்டும் சுரண்டிய தகரம் தெரிய வேண்டும், இல்லையென்றால் எர்த் பிடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் இன்றுவரை உள்ளே வரவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, ஆன்டெனாவைக் கழற்றினால் மூடி போட்டுவிடலாம் என்பதால் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

காந்த அடிக்காரர்களுக்கு ஒன்று. வாரம் ஒரு முறை தூக்கி அடியில் துடையுங்கள். நம்ம ஊர் வெயிலில், புழுதி மாட்டிக்கொண்டு ஒரு கோடை முழுக்க ஒரே இடத்தில் இருந்தால் கூரையில் வட்டமாகத் தழும்பு விழுந்துவிடும். எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓட்டை போடுவதற்கு முன்னால் என் கூரையிலும் அந்த வட்டம் இருந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து:

எல்லாரும் கூரை கூரை என்கிறீர்கள். எங்கள் வண்டிக்குக் கூரையே கண்ணாடி! வாங்கும்போது பிள்ளைகள் கேட்டார்கள் என்று சன்ரூஃப் எடுத்தோம். காந்தம் எதில் ஒட்டும்?

கடைசியில் பானெட் ஓரத்தில், ஃபெண்டருக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் கிளாம்ப் போட்டேன். முதல் நாள் எஸ்.டபிள்யூ.ஆர். படு மோசம். கிளாம்ப்பின் சின்ன ஸ்க்ரூ பெயின்டைத் துளைத்துத் தகரத்தைக் கடிக்க வேண்டுமாம், நான் வண்டிக்கு வலிக்குமே என்று மெதுவாக முறுக்கியிருந்தேன். நன்றாக இறுக்கிவிட்டு, பானெட் கீலுக்கும் பாடிக்கும் ஒரு பட்டை போட்டதும் சரியானது. என்ஜின் பக்கம் என்பதால் ஆக்சிலேட்டரை மிதித்தால் 'ஙொய்ங்' என்று சத்தம் வந்தது. செட்டுக்கு லைட்டர் சாக்கெட்டிலிருந்து கரன்ட் எடுத்ததை மாற்றி, பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் போட்டு இழுத்த பிறகு முக்கால்வாசி போய்விட்டது.

கூரையை விடச் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு குறையும் உண்டு: கம்பி கண்ணாடிக்கு வெளியே, என் தலையிலிருந்து ஒரு கை தூரத்தில் நிற்கிறது. கூரை மேல் என்றால் நடுவில் தகரம் அலையை மறைக்கும். அதனால் பவரைக் குறைத்து 10 வாட்டில்தான் பேசுகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து:

ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் உயரக் கட்டுப்பாட்டுக் கம்பி வைத்திருக்கிறார்களே, அதை மறந்துவிட்டு 1.3 மீட்டர் ஆன்டெனாவோடு போனேன். 'டங்' என்று ஒரு சத்தம். காந்தம் கழன்று பின்கண்ணாடியில் மோதி, கேபிளில் தொங்கிக்கொண்டே கூட வந்தது. கண்ணாடி தப்பியது, கீறல் தப்பவில்லை. அதிலிருந்து அரை மீட்டர் கம்பிதான், ஏலகிரி போகும்போது மட்டும் பெரியது.

மீண்டும் காட்பாடியிலிருந்து:

தம்பி, ஏலகிரிக்கும் சின்னதையே போட்டுப் பாருங்கள். மலைப்பாதையின் 14 வளைவிலும் வண்டி சாய்ந்து நிற்கும், எதிராளி மேலேயோ கீழேயோ இருப்பார். பெரிய கம்பி அலையைத் தட்டையாக அடிவானத்தை நோக்கித் தள்ளும், அது சமவெளிக்குத்தான் லாபம். வளைவுக்குள் மலை மறைத்தால் இரண்டாலும் முடியாது, அது வேறு கதை.

ராணிப்பேட்டை மேடம், காந்தத்துக்குத் தகரம் வேண்டுமென்றால் சன்ரூஃப்புக்குப் பின்னால் ஒரு சாண் பட்டை இருக்கும், பார்த்தீர்களா? கண்ணாடி திறந்தால் பின்னால் வந்து இடிக்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

கேபிளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த வாரம் என் வண்டியின் கால் மேட் ஊறிப்போனது. கேபிள் பின்கதவின் ரப்பர் பீடிங் மேல்பக்கம் நுழைந்ததால் மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கியிருக்கிறது. இப்போது கதவின் அடிப்பக்கம் வரை இறக்கி, ஒரு தொங்கல் விட்டு, அப்புறம்தான் உள்ளே ஏற்றுகிறேன். தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடுகிறது. ஆனால் கதவு அடித்து அடித்து அந்த இடத்தில் கேபிள் நசுங்கியிருக்கிறது. அடுத்த சம்பளத்தில் மாற்ற வேண்டும். ஆம்பூர்க்காரரே, அந்த டிங்கர் இன்னும் டீக்குச் சம்மதிப்பாரா?