பவர்ஹவுஸ் மெசேஜ் டெல்நெட்டுக்கு வரணுமா, சீரியல்லயே கிடக்கணுமா?

கினிகத்தேனைக்காரன்:
எங்க தோட்டத்துக்குக் கீழ ஆத்தோரமா ஒரு மினி ஹைட்ரோ. டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் கன்ட்ரோலர்ல ஓடுறது விஎக்ஸ்வொர்க்ஸ்ங்குற ரியல் டைம் இயங்குதளம், 6ஆவது வரிசை. மேல ஆபீஸ்ல இருந்து நெட்வொர்க் வழியா டெல்நெட் போட்டா கமாண்ட் அடிக்கிற ஷெல் வருது, கமாண்டெல்லாம் வேலை செய்யுது. ஆனா கோடுக்குள்ள லாக்மெசேஜ்னு எழுதியிருக்குற ஒரு வரி கூட என் திரைக்கு வரல. அத்தனையும் பவர்ஹவுஸ்ல சீரியல் கேபிள்ல மாட்டியிருக்குற கன்சோல் திரையில போய் விழுது. அங்க இறங்க 400 படி. இந்த மழையில போய் வந்தா அட்டைக்கு ரத்ததானம் பண்ணின மாதிரிதான். மெசேஜை மேல கொண்டுவர வழி இருக்கா?

ஹட்டன் கடைசி பஸ்:
இருக்கு தம்பி, ஒரே வரிதான். முதல்ல ஏன் வரலன்னு பாருங்க. லாக்மெசேஜ் தானா எதையும் அச்சடிக்காது. மெசேஜை கியூவுல, அதாவது காத்திருக்குற வரிசையில போட்டுட்டுத் திரும்பிரும். டிலாக்டாஸ்க்னு தனியா ஓடுற ஒரு டாஸ்க் அதை எடுத்து, தன்கிட்ட இருக்குற பட்டியல்ல உள்ள ஃபைல் டிஸ்கிரிப்டருக்கெல்லாம் (திறந்திருக்குற ஒவ்வொரு ஃபைல், திரைக்கும் உள்ள நம்பர்) எழுதும். அந்தப் பட்டியல்ல இப்ப கன்சோல் மட்டும்தான் இருக்கு. உங்க டெல்நெட்டையும் சேர்க்கணும், அதுக்கு லாக்எஃப்டிஆட்னு ஒரு ஃபங்ஷன்.

ஆனா எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு. லாக்எஃப்டிஆட்(1)னு அடிச்சா வராது. அந்த 1 யாரோட 1? எழுதப் போறது டிலாக்டாஸ்க், அதுக்கு 1னா கன்சோல்தான். உங்க செஷனோட உண்மையான நம்பரை எடுத்துக் கொடுக்கணும்: லாக்எஃப்டிஆட்(ஐஓடாஸ்க்எஸ்டிடிகெட்(0, 1)). இதுல 0னா ‘நான் இருக்குற டாஸ்க்’, 1னா அதோட வெளியீடு. அடிச்சுப் பாருங்க, கொட்டும்.

நோட்டன் மழை:
கடைசி பஸ் அண்ணே, நீங்க சொன்ன கமாண்ட் சரிதான். ஓடுற மெஷின்ல அதைப் போடச் சொன்னதுதான் தப்பு.

ஷெல்ல ‘ஐ’ அடிச்சு முன்னுரிமையைப் பாருங்க. வழக்கமான அமைப்புல டிலாக்டாஸ்க் 0, நெட்வொர்க் டாஸ்க் 50. விஎக்ஸ்வொர்க்ஸ்ல நம்பர் சின்னதா இருந்தா முன்னுரிமை பெரிசு. கவர்னர் டாஸ்க் 20லயோ 30லயோ இருந்து, ஒரு நாள் லூப்புக்குள்ள மாட்டி சிபியூவை விடாமப் பிடிச்சுக்கிச்சுன்னு வைங்க. 0ல இருக்குறவன் எழுந்து எழுதிருவான், எழுதுனது சீரியல்ல வந்துரும். டெல்நெட்டுக்குப் போக வேண்டியது 50ல நிக்கிறவன் கையில, அவனுக்கு முறையே வராது. மெசேஜ் உண்மையிலயே தேவைப்படுற அந்த நிமிசம் பாத்து உங்க திரை செத்துக் கிடக்கும்.

அடுத்தது, பட்டியல்ல இருந்து நீக்குற லாக்எஃப்டிடிலீட் போடாம ஜன்னலை மூடிட்டுப் போறவங்கதான் அதிகம். செஷன் போயிரும், நம்பர் பட்டியல்லயே கிடக்கும். பிறகு வேற ஒரு ஃபைல் திறக்கும்போது அதே நம்பர் கிடைச்சா, லாக் வரியெல்லாம் அந்த ஃபைலுக்குள்ள போய் விழும்.

ஹட்டன் கடைசி பஸ்:
பூட்டத் தெரியாதவனுக்குப் பயந்து வீட்டுக்குக் கதவே வைக்காம இருப்பாங்களா தம்பி? மறந்தா மறந்தவன் தப்பு. 1997ல செவ்வாய்ல இறங்குன நாசாவோட பாத்ஃபைண்டர் விண்கலமும் விஎக்ஸ்வொர்க்ஸ்தான். அது திரும்பத் திரும்ப ரீசெட் ஆனப்போ சீரியல் கேபிளைத் தூக்கிக்கிட்டா போனாங்க? பூமியில இருந்துதான் சரி பண்ணினாங்க. நீங்க 400 படிக்கு வேணாங்குறீங்க!

நோட்டன் மழை:
அந்தக் கதையை முழுசா சொல்லுங்கண்ணே. லாக் வரியை நேரலையில பாத்துக்கிட்டிருந்து அதைக் கண்டுபிடிக்கல. பூமியில அதே மாதிரி இருந்த மெஷின்ல, எந்த டாஸ்க் எப்ப ஓடுச்சுன்னு குறிக்கிற டிரேஸ் பதிவைப் போட்டு, பழுதைத் திரும்ப வரவச்சாங்க. கீழ் முன்னுரிமை டாஸ்க் ஒண்ணு பூட்டை வச்சுக்கிட்டு இருக்க, மேல உள்ளது அதுக்காகக் காத்து நிக்க, நடுவுல உள்ளது புகுந்து ஓடுன சிக்கல். பிறகு அந்தப் பூட்டுல முன்னுரிமை மரபேற்றத்தை (பூட்டை வச்சிருக்குறவனுக்குக் காத்து நிக்கிறவனோட முன்னுரிமையை அது வரைக்கும் கொடுக்குறது) இயக்கி அனுப்பினாங்க. அதுலயும் முதல்ல பதிவு, பிறகுதான் பழுது பாக்குறது.

நான் செய்யிறது இது. சீரியல் போர்ட்டுல ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. வர்ற ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட்டு ஃபைல்ல சேர்க்கும். ஆபீஸ்ல இருந்து அந்தப் பெட்டிக்கு எஸ்எஸ்எச்ல (டெல்நெட் மாதிரிதான், ஆனா மறைகுறியாக்கிப் போகும்) போய்ப் பாக்குறது. கன்ட்ரோலரைத் தொடவே வேணாம். டெல்நெட் திறந்து கிடக்குறதே எனக்குப் பயம். பாஸ்வேர்ட் வெட்ட வெளிச்சமா வயர்ல போகுது, அந்த ஷெல்ல எந்த ஃபங்ஷனையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

ஹட்டன் கடைசி பஸ்:
சீரியல் என்ன கங்கையா? வேகத்தை செகண்டுக்கு 9600 பிட்ல வச்சிருந்தா, எழுத்துக்கு 10 பிட்னு 960 எழுத்து. 80 எழுத்து வரின்னா 12 வரி. கவர்னர் அடிக்கிற வேகத்துக்கு அங்கயும் கியூ நிறையும். அதோட சித்திரை மாச இடிக்கு உங்க பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

நோட்டன் மழை:
115200ல வைங்க, 11,520 எழுத்து போகும். இடி விசயம் ஒத்துக்கிறேன், ஒரு பெட்டி போயிருச்சு. இப்ப நடுவுல ஒளி மூலமாப் பிரிக்கிற ஐசோலேட்டர் போட்டிருக்கேன்.

பண்டாரவளைப் பனி:
அண்ணன்மாரே, ரெண்டு பேரும் வயரைப் பத்தியே பேசுறீங்க. லினக்ஸ்ல கெர்னல் (இயங்குதளத்தோட மையப் பகுதி) மெசேஜ் மெமரியில, நிறைஞ்சா பழசு மேலயே புதுசை எழுதுற ஒரு வளையத்துல சேருது, யார் எப்ப வந்து டிமெசேஜ் அடிச்சாலும் பழசைக் காட்டும். கியூஎன்எக்ஸ்ங்குற இன்னொரு ரியல் டைம் இயங்குதளத்துலயும் ஸ்லாக்2இன்ஃபோ அடிச்சா அப்படித்தான். விஎக்ஸ்வொர்க்ஸ்லயும் கவர்னர் கோட்ல நாமளே ஒரு வளையம் எழுதி வச்சா, டெல்நெட்ல வந்து நிதானமாப் படிக்கலாம். இது லேசான விசயம்னு நினைக்காதீங்க, ரியல் டைம் லினக்ஸ் முழுசா மூலக் கெர்னலுக்குள்ள வர 2024ல 6.12 வரைக்கும் இழுத்ததுக்குக் கடைசித் தடையே கெர்னல் மெசேஜ் எழுதுற இந்த பிரிண்ட்கே தான்.

நோட்டன் மழை:
மெஷின் ரீபூட் ஆனா உங்க வளையம் எங்க தங்கச்சி?

பண்டாரவளைப் பனி:
ரீபூட்ல அழியாத மெமரிப் பகுதியில வைக்கணும். கரண்ட் போனா போனதுதான், அது உண்மை.

கினிகத்தேனைக்காரன்:
மூணு பேருக்கும் நன்றி. தண்ணி உள்ள வர்ற இன்டேக்ல குப்பை அள்ள நேத்து மெஷினை நிறுத்தியிருந்தோம், அந்த இடைவெளியில கடைசி பஸ் அண்ணன் சொன்னதை அடிச்சேன். கொட்டுச்சு! சந்தோசத்துல ஒரு வரியை நிறுத்திப் படிக்கலாம்னு கன்ட்ரோலும் எஸ்ஸும் அமுக்கினேன். அந்த நேரம் பாத்து டீ வந்திருச்சு.

பத்து நிமிசத்துல கீழ இருந்து வாச்சர் அண்ணன் போன்: “தம்பி, இங்க திரை அப்படியே நிக்கிது.” பாத்தா, என் பக்கம் நிறுத்தினதுல டெல்நெட் நிறைஞ்சு, டிலாக்டாஸ்க் என் செஷனுக்கு எழுத முடியாம முடங்கி, அதனால சீரியலுக்கும் எழுதல. விட்டதும் ‘41 லாக் மெசேஜ் தொலைஞ்சது’ன்னு ஒரு வரி. அத்தனையும் இன்டரப்ட்ல (வன்பொருள் அவசரமாக் கூப்பிடுறப்போ ஓடுற கோடு) இருந்து வந்தவை, அதுங்களுக்குக் காத்து நிக்க வழியில்லையே.

நோட்டன் மழை:
மெஷின் நின்னுக்கிட்டிருந்தப்போ நடந்தது நல்லதாப் போச்சு.

ஹட்டன் கடைசி பஸ்:
கன்ட்ரோல் எஸ் அமுக்கச் சொல்லி நான் எங்க எழுதினேன்? டெல்நெட்டை குறை சொல்லாதீங்க, டீயைச் சொல்லுங்க.

கினிகத்தேனைக்காரன்:
சரிண்ணே, டீதான் குற்றவாளி. லாக்எஃப்டிடிலீட் போட்டுட்டேன். பழுது தேடுற அன்னைக்கு மட்டும், மெஷின் நின்ன நேரத்துல உங்க வழி. மத்த நாளைக்கு நோட்டன் அண்ணனோட பெட்டி. ஐசோலேட்டர் எந்த வகை, 115200 தாங்குமான்னு மட்டும் சொல்லுங்க. சனிக்கிழமை அட்டை ஏறாம இருக்கக் காலுக்கு சவர்க்காரம் தேச்சுக்கிட்டு இறங்குறேன்.