சிஆர்டி மானிட்டர்: நடுவில் ஒரே கோடு, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய 17 இஞ்ச் சிஆர்டி (பிக்சர் டியூப்) மானிட்டர். ஆன் செய்தால் திரை நடுவில் குறுக்கே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். அந்த இடத்தில் பாஸ்பர் (திரையில் ஒளிரும் பூச்சு) கருகிவிடக் கூடாதே என்று பிரைட்னஸை அடியோடு குறைத்து, சில நொடிகள் மட்டுமே ஓட்டிப் பார்க்கிறேன்.

ஹை வோல்டேஜ் இருக்கிறது, கோடு தெரிவதே அதற்குச் சாட்சி. ஆகவே படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்ட்டிகல் பக்கம்தான் கோளாறு. அந்த வேலையைச் செய்யும் ஐசி ஹீட்சிங்க்கில் இருக்கும் டிடிஏ 8172, ஏழு கால். அதன் கால்களைச் சுற்றி மோதிரம் போல டிரை சால்டர் (ஈயப் பிடிப்பு விட்ட) விரிசல் இருந்தது. மறுபடி ஈயம் வைத்தும் பலனில்லை. 2-ஆம் பின்னுக்கு சப்ளை வருகிறது. யோக்கின் (டியூப் கழுத்தில் இருக்கும் காயில் தொகுதி) வெர்ட்டிகல் காயிலில் கன்டினியூட்டி இருக்கிறது, அறுபடவில்லை.

இதில் ஒரு விஷயம் இடிக்கிறது. கோடாகச் சுருங்குவதற்குச் சில வாரம் முன்பே படத்தின் மேல்பகுதி மடிந்து தெரிந்தது. ஐசியின் 3-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவே உள்ள கெப்பாசிட்டர் காய்ந்துபோய், ஐசியையும் சேர்த்துப் பலி வாங்கியிருக்குமோ? இரண்டையும் ஒன்றாக மாற்றலாமா, இல்லை முதலில் ஐசிக்கு உள்ளே வரும் டிரைவ் சிக்னலைப் பார்க்க வேண்டுமா? என்னிடம் சிக்னலைப் பார்க்க ஆசிலோஸ்கோப் கிடையாது, மல்டிமீட்டர்தான்.

"காயலான் கடைக்குப் போடுங்க சார்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், நிறையக் கேட்டாயிற்று. பழைய டாஸ் கேம்கள் இதில் தெரியும் அழகு எல்சிடியில் வராது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த ஐசி டூப்ளிகேட் இல்லாமல் கிடைக்குமா? ஆனோட் கேப்பை (டியூபுக்கு ஹை வோல்டேஜ் போகும் இடத்தில் உள்ள ரப்பர் மூடி) டிஸ்சார்ஜ் செய்ய நீங்கள் கையாளும் முறையையும் சொன்னால் நல்லது.