வெற்றிலைக்கு ஐந்து எழுத்து

குழு: மோல்மீன் வீடு (பர்மாவின் மோல்மீன் ஊர்த் தமிழ்க் குடும்பத்தின் ஃபோன் குழு)

சின்னவன்: அத்தை, டியூஷனில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் வார்த்தை, 5 எழுத்து. முதலில் பி, கடைசியில் எல். இரண்டாவதும் நாலாவதும் இ. நடு எழுத்து மட்டும் காலி. எத்தனை வார்த்தை வருமோ அத்தனையும் எழுத வேண்டும். நாளைக்கே வேண்டும்.

அத்தை: எந்த பி? தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

சின்னவன்: பர்மாவுக்கு வரும் பி. பேனாவுக்கு வருவது இல்லை.

அத்தை: சரி. விடை சொல்லமாட்டேன், வழி சொல்கிறேன். காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் உயிரெழுத்து நிற்கிறது. அதனால் நடுவில் மெய்யெழுத்தைத்தான் முதலில் தேட வேண்டும். 21 இருக்கின்றன. ஒவ்வொன்றாக வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார். எங்கேயோ கேட்டது போல இருந்தால் நிறுத்து.

சின்னவன்: பெபெல், பெகெல், பெமெல்... எல்லாம் சொல்லிவிட்டேன். எதையுமே கேட்டதில்லை.

சித்தப்பா: வி வைத்துப் பார்த்தாயா? பெவல். கதவுச் சட்டத்தின் விளிம்பைக் கூராக விடாமல் சாய்வாக இழைப்போமே, அதுதான். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பட்டறையில் தேக்கு இழைத்துத் தெரிந்துகொண்டது.

அத்தை: அருமை, தம்பி. சின்னவனே, எழுதும்போது கவனம். டேபிள், ஆப்பிள் இவற்றின் கடைசியில் எல் முன்னால், இ பின்னால். லெவல், நாவல், டிராவல் இவற்றில் இ முன்னால், எல் பின்னால். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வி-க்குப் பிறகு எப்போதும் இ-தான் முன்னால் வரும் என்று வைத்துக்கொள்.

மாமா: கடையில் கூட்டம், இப்போதுதான் பார்த்தேன். இசட் போடு. பெசல். மோதிரத்தில் கல்லை நாலு நகம் வைத்துப் பிடிப்பது ஒரு வகை. கல்லைச் சுற்றித் தங்கத் தகட்டை வளைத்து அணைத்துவிடுவது இன்னொரு வகை. அந்தச் சுற்றுத் தகடுதான் பெசல். மொகோக் ஊர்ச் சிவப்புக் கல் வாங்க வருகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். நகம் துணியில் மாட்டும், தேயும். பெசல் கட்டினால் கல்லின் ஓரம் அடிபடாது. கைக்கடிகாரக் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் வளையத்துக்கும் அதே பெயர்.

சின்னவன்: இரண்டு ஆயிற்று!

அக்கா: ஏசின் ஊரிலிருந்து நானும் வருகிறேன். டி வைத்து ஒன்று இருக்கிறது. டாக்டருக்கு வரும் டி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விழா ஊர்வலத்துக்கு முன்னால் கோல் ஏந்திப் போகிறவர் பெடல். சைக்கிள் பெடல் வேறு, அது பேனாவுக்கு வரும் பி.

சின்னவன்: மூன்று.

அப்பாயி (குரல் செய்தி): என்னடா, சாயங்காலத்திலிருந்து ஃபோன் டிங் டிங்கென்று அடிக்கிறது? உன் அத்தையிடம் கேட்டேன், விவரம் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முக்கில் இருக்கிற குன்யா (வெற்றிலை பாக்கு) கடையில் வெள்ளைக்காரர்கள் வந்து வெற்றிலையைக் காட்டி பீட்டல், பீட்டல் என்று கேட்பார்கள். அதில் உன் பி இருக்கிறதா பார்.

அத்தை: அம்மா!

அத்தை: இது என் தவறு. ஒவ்வொன்றையும் "பெ" என்று சொல்லிப் பார்க்க விட்டுவிட்டேன். அந்த முதல் இ சில வார்த்தைகளில் எ போல வரும், சிலவற்றில் ஈ போல நீளும். பெவல், பெசல், ஆனால் பீட்டல். எழுத்துக் கட்டு ஒன்றே. ஒரே ஓசையில் தேடினால் பாதி கைநழுவிப் போகும்.

சின்னவன்: எழுதிவிட்டேன். பி, இ, டி, எல், இ. டீக்கடைக்கு வரும் டி.

அத்தை: கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கிறது. இப்போதுதானே சொன்னேன்.

அக்கா: அத்தை, திட்டாதீர்கள். வெற்றிலைக் கொடியின் அறிவியல் பெயர் பைப்பர் பெட்லே. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்தது. அதில் சின்னவன் எழுதியது போலவே எல் முன்னால், இ பின்னால். மிளகும் அதே பைப்பர் பேரினம்தான். தாளில் மட்டும் இ-எல் என்று திருத்திக்கொள், தம்பி.

அத்தை: இது எனக்கே புதிது. அப்புறம் ஒன்று, அம்மாவும் கேட்கட்டும். பீட்டல் வெள்ளைக்காரனுடைய சொல்லே இல்லை. மலையாளத்தில் வெற்றில, நமக்கு வெற்றிலை. கேரளக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் காதில் விழுந்து, அவர்கள் வாயில் உருமாறி இங்கிலீஷுக்குப் போனது. அதே போர்த்துக்கீசியரில் ஒருவன், டி பிரிட்டோ, 1613 வரை யாங்கோன் பக்கத்தில் இருக்கும் நம் தன்லின்னைப் பிடித்து வைத்திருந்தான்.

அப்பாயி (குரல் செய்தி): அப்படியானால் நான் சொன்னது தமிழ்தானா?

அத்தை: ஆமாம் அம்மா, கொஞ்சம் கடல் சுற்றி வந்த தமிழ்.

சின்னவன்: வேறு எது நம்முடையது? 5 எழுத்தில்?

அத்தை: கரி என்று அவர்கள் சொல்வது நம் கறி. அதில் ஆர் இரண்டு, மறக்காதே. மேங்கோ, மாங்காயிலிருந்து. கொப்ரா, கொப்பரையிலிருந்து. இவை இரண்டும் போர்த்துக்கீசியர் கைவழியாகப் போனவைதான்.

சித்தப்பா: என் தேக்கு?

அத்தை: டீக். 4 எழுத்து, அதனால் இந்தக் கணக்கில் வராது. நம் தேக்கும் மலையாளத் தேக்கும் ஒன்றே.

மாமா: சுருட்டு?

அத்தை: செரூட். 7 எழுத்து. ஊர் முழுக்கப் பிடிக்கும் சுருட்டுக்குப் பர்மியர்கள் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் மட்டும் நம் பெயரையே கொண்டுபோனார்கள்.

சின்னவன்: வெற்றிலை தமிழில் 4 எழுத்துதானே? வெ, ற், றி, லை. கறி 2. நம்முடையது சின்னது.

அத்தை: சரியாக எண்ணினாய். இதையும் தாளின் கீழே எழுது. மார்க் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இங்கே கரண்ட் போய்விட்டது, ஃபோன் சார்ஜும் தீரப்போகிறது. தூங்கு.

(மறுநாள்)

சின்னவன்: நாலும் சரி அத்தை. மற்றப் பிள்ளைகள் பெவல் மட்டும் எழுதியிருந்தார்கள். பீட்டல் எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்டார். அப்பாயி சொன்னதாகச் சொன்னேன்.

அத்தை: அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று முறை திரும்பக் கேட்டாள்.

அப்பாயி (குரல் செய்தி): ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் அல்லவா? வரும்போது பெயிண்ட் பேனா கொண்டு வா. என் வெற்றிலைப் பெட்டி மூடியில் அந்த அஞ்சு எழுத்தையும் எழுதிக் கொடு. பக்கத்திலேயே தமிழிலும் எழுது. அப்படியே கொஞ்சம் சுண்ணாம்பும் வாங்கி வா, தீர்ந்துவிட்டது.