சீனி இல்லாத கொக்கோத் தூள்: பாலில கட்டி, கேக்கில சவுக்கார ருசி. எங்க பிழை விட்டனான்?

திருநெல்வேலி மருமகள் (வியாழன், இரவு 9:12)

எல்லாருக்கும் வணக்கம். மாமாவுக்குச் சலரோகம். போன மாசக் கிளினிக்கில சீனி கூடிக் கிடக்கு எண்டு பேச்சு வாங்கிக்கொண்டு வந்தவர். மனுசன் பின்னேரத்தில மைலோ (சீனி சேர்ந்த கொக்கோப் பானம்) குடிக்காமல் இருக்கமாட்டார். பிள்ளையளும் அதுதான். அதால மைலோவை நிப்பாட்டிப்போட்டு, ரவுணில ஒரு கடையில சீனி சேர்க்காத கொக்கோத் தூள் 100 கிராம் பக்கெற் ஒண்டு வாங்கினன்.

மூண்டு பிரச்சினை.

முதலாவது, சுடுபாலில போட்டுக் கலக்கினால் மேல கட்டி கட்டியா மிதக்குது. கரண்டியால நசிச்சால் உள்ளுக்கை காய்ஞ்ச மா.

ரெண்டாவது, கைப்பு. சின்னவள் ஒரு மிடறு குடிச்சுப்போட்டு "அம்மா இது வேப்பம்பூவோ" எண்டு கேக்கிறாள். மாமா ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் பிறகு குசினிக்குள்ள வந்து தானே பனங்கட்டிக் குட்டானைத் திறந்து ரெண்டு துண்டு போட்டுக் குடிச்சவர். பனங்கட்டி உடம்புக்கு நல்லது, சீனி மாதிரி இல்லை எண்டு விளக்கமும் தந்தவர்.

மூண்டாவதுதான் பெரிய கவலை. யூரியூப்பில பாத்து, அவன் அடுப்பு இல்லாமல் இட்டலிச் சட்டியில அவிக்கிற குரக்கன் கொக்கோ கேக் செய்தனான். குரக்கன் மா ஒரு கப், கோதுமை மா அரைக் கப், கொக்கோ மூண்டு மேசைக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, முட்டை ரெண்டு, கனிஞ்ச கப்பல் வாழைப்பழம் ரெண்டு, கொஞ்சம் எண்ணெய். அவை மோர் விட்டவை. என்னட்டை மோர் இல்லை, தேங்காய்ப்பால் விட்டனான். பொங்கவே இல்லை. வெட்டினால் புட்டு மாதிரி உதிருது. நாக்கில சவுக்காரம் பட்ட மாதிரி ஒரு ருசி. மாமி வாய் திறக்கேல்லை, கோழிக்குப் போட்டவ. கோழியும் யோசிச்சுத்தான் கொத்தினது.

தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. 100 கிராமில இன்னும் முக்கால்வாசி கிடக்கு.

நல்லூர்ப் பெடியன் (வியாழன், இரவு 9:30)

பொங்கேல்லை எண்டால் சோடா காணாது அக்கா. இன்னும் அரைக் கரண்டி கூட்டிப் போடுங்கோ.

போறணைத் தம்பி (வியாழன், இரவு 9:51)

ஐயோ, கூட்டாதேங்கோ அக்கா! சவுக்கார ருசியே சோடா மிஞ்சினதாலதான் வந்தது. இன்னும் போட்டால் கோழியும் தொடாது.

நான் பேக்கரியில ஏழு வருசமா மா பிசையிறன். ரெண்டு விசயம் சொல்லுங்கோ. பக்கெற்றின்ர பின்பக்கம் மூலப்பொருள் எண்ட இடத்தில என்ன கிடக்கு? தூள் செங்கபிலமோ, கறுப்புக் கலந்த கபிலமோ?

திருநெல்வேலி மருமகள் (வியாழன், இரவு 10:05)

எழும்பிப் போய்ப் பாத்தன் தம்பி. "கொக்கோத் தூள், அமிலத்தன்மை சீராக்கி 501" எண்டு கிடக்கு. நிறம் நல்ல கறுப்பு, பழைய சுவரில பூசின தார் மாதிரி.

போறணைத் தம்பி (வியாழன், இரவு 10:11)

501 எண்டால் பொற்றாசியம் காபனேற்று. காரம், அதாவது புளிப்பை முறிக்கிற பொருள் (உறைப்பு இல்லை), போட்டுப் பதப்படுத்தின கொக்கோ. உங்கட கேக் அங்கயே பிழைச்சிட்டுது. இதை ரீச்சர் வடிவா விளங்கப்படுத்துவா, நான் விடிய நாலு மணிக்கு எழும்ப வேணும்.

மனையியல் ரீச்சர் (இளைப்பாறினது) (வெள்ளி, காலை 6:40)

பிள்ளை, தம்பி சொன்னது சரி. காரணத்தையும் தெரிஞ்சு வைச்சுக்கொள்ளும், பிறகு எந்தச் செய்முறையையும் நீரே மாத்தலாம்.

கொக்கோக் கொட்டையைப் புளிக்க வைச்சு, காயவைச்சு, வறுத்து அரைச்சால் பாதிக்கு மேல கொழுப்பு. அதைப் பிழிஞ்செடுத்துப்போட்டு மிச்சப் பிண்ணாக்கை இடிக்கிறதுதான் கொக்கோத் தூள். எள்ளுச் செக்கை நினைச்சுப் பாரும், அதே வேலை. இப்பிடிப் பிழியிற அமுக்கிக்கு 1828 இல ஒல்லாந்தில வான் ஹவுட்டன் எண்ட குடும்பம் உரிமம் எடுத்தது. பிறகு அவையே தூளைக் காரத்தோட சேர்த்துக் கைப்பைக் குறைச்சு, நிறத்தையும் கறுப்பாக்கினவை. அதால இண்டைக்கும் அதுக்கு ஒல்லாந்து முறை எண்டுதான் பேர். (எங்கட யாழ்ப்பாணக் கோட்டையை 1658 இல போர்த்துக்கேயரிட்டைப் பிடிச்சுத் திருப்பிக் கட்டின அதே ஒல்லாந்தர்தான். ஆனால் அவை இஞ்சையிருந்து போய் முப்பது வருசத்துக்குப் பிறகுதான் இந்தக் கொக்கோக் கதை.)

காரம் போடாத தூள் கொஞ்சம் புளிப்பு, பி.எச். (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 5 க்கும் 6 க்கும் இடையில. உம்மடது 7 பக்கம் வந்திட்டுது. அப்பச்சோடா எண்டது சோடியம் இருகாபனேற்று. அதோட சேர ஒரு புளிப்பு இருந்தால்தான் காபனீரொட்சைட்டு நல்லா வந்து மா பொங்கும். யூரியூப்காரர் மோர் விட்டவர், அவற்ற கொக்கோவும் புளிப்புள்ளதாத்தான் இருந்திருக்கும். நீர் ரெண்டு புளிப்பையும் எடுத்துப்போட்டீர். வாழைப்பழத்தில இருக்கிற சொட்டுப் புளிப்பு ஒரு தேக்கரண்டிச் சோடாவுக்கு எந்த மூலைக்கு? மிஞ்சின சோடா சூட்டில சோடியம் காபனேற்றா மாறும். அந்தக் காலத்தில சலவைக்குப் போட்ட சோடாவும் அதுதான். உம்மட நாக்கு பொய் சொல்லேல்லை.

திருத்தம் ரெண்டு வழி. சோடாவை விட்டுப்போட்டு பேக்கிங் பவுடர் ஒண்டரைத் தேக்கரண்டி போடும், அதுக்குள்ள புளிப்பும் சேர்ந்தே இருக்கு. இல்லையெண்டால் சோடாவை அரைத் தேக்கரண்டியாக் குறைச்சு, தேங்காய்ப்பாலுக்குப் பதிலா முக்கால் கப் புளிச்ச மோர் விடும். தயிரைத் தண்ணி விட்டு அடிச்சாலும் மோர்தான், இல்லை எண்டு சொல்லாதேயும்.

இப்ப பால் விசயம். கொக்கோவில மிஞ்சின கொழுப்பு தண்ணியைக் கிட்ட விடாது. நிறையப் பாலுக்குள்ள கொட்டினால் வெளிப்பக்கம் நனைஞ்சு தோலாகும், உள்ளுக்கை காய்ஞ்சபடி கிடக்கும். கூழுக்கு ஒடியல் மாவை எப்பிடிக் கரைக்கிறனீர்? முதல் கொஞ்சத் தண்ணியில கரைச்சுப்போட்டுத்தானே சட்டிக்குள்ள விடுறது? அதே மாதிரித்தான். ஒரு கோப்பைக்கு மட்டத் தேக்கரண்டி ஒண்டு. அதை அரிதட்டில அரிச்சு, ரெண்டு மேசைக்கரண்டி கொதிதண்ணி விட்டு, பசை மாதிரி மினுங்கும் வரைக்கும் குழையும். பிறகு பால். அடுப்பில ரெண்டு மூண்டு நிமிசம் மெல்லக் கொதிக்கவும் விடும், பச்சை மணமும் போகும்.

போறணைத் தம்பி (வெள்ளி, மதியம் 1:20)

ரீச்சர் சொன்னதுக்கு மேல ஒரு சந்தேகம். புட்டு மாதிரி உதிருது எண்டு எழுதியிருக்கிறியள். சோடாப் பிழையெண்டால் தட்டையா, இறுக்கமாத்தான் வரும், உப்பிடி உதிராது. கோதுமை மா எந்த மா அக்கா? பச்சை மாவோ, அவிச்ச மாவோ?

திருநெல்வேலி மருமகள் (வெள்ளி, பின்னேரம் 3:02)

கடவுளே. மாமியின்ர புட்டு மா ரின்னில இருந்துதான் அள்ளினனான். அவ ஞாயிற்றுக்கிழமையில கோதுமை மாவை அவிச்சு அரிச்சு வைக்கிறவ. ரெண்டு ரின்னும் ஒரே மாதிரி!

போறணைத் தம்பி (வெள்ளி, பின்னேரம் 3:08)

😂😂 கேக் எண்டு பேர் வைச்சுப் புட்டு அவிச்சிருக்கிறியள்.

அவிச்ச மாவில பசைத்தன்மை செத்துப்போம். அதாலதான் புட்டும் இடியப்பமும் ஒட்டாமல் வருது. கேக்குக்கு அது கூடாது. குரக்கனுக்கும் அந்தப் பசை இல்லை, அதால அரைக் கப் கோதுமையாவது பச்சை மாவா இருக்க வேணும். கொக்கோ தண்ணியை நல்லா இழுக்கும் எண்டதையும் மறக்காதேங்கோ. கலவை தோசை மாவிலும் கொஞ்சம் தடிப்பா, கரண்டியில இருந்து மெல்ல விழ வேணும். மூடியில துணி கட்டுங்கோ, இல்லாட்டி ஆவித்தண்ணி சொட்டி மேல் பக்கம் சேறாகும். முப்பது முப்பத்தஞ்சு நிமிசம்.

வார்ட் மிஸ்ஸி (வெள்ளி, இரவு 8:45)

இரவு டியூட்டிக்கு முந்தி கெதியா எழுதுறன். எல்லாரும் கேக்கைப் பற்றியே கதைக்கிறியள், எனக்குக் கவலை மாமாவின்ர கோப்பை.

தங்கச்சி, பனங்கட்டியும் சீனிதான். கருப்பட்டியும் அப்பிடித்தான். நிறமும் மணமும் வேற, ரத்தத்துக்குள்ள போனால் ரெண்டும் ஒண்டு. மைலோவை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு துண்டு பனங்கட்டி போட்டால், அடுத்த கிளினிக்கிலும் அதே பேச்சுத்தான். பாலையும் கணக்கில எடுக்க வேணும். 200 மில்லி பாலில 9, 10 கிராம் இலற்றோசு எண்ட பால்ச்சீனி இருக்கு. பால்மாவை மூண்டு நாலு கரண்டி குவிச்சுப் போடுற வீடெண்டால் அதிலும் கூட. பாதிப் பால், பாதித் தண்ணி நல்லாக் காணும்.

கொக்கோ தனியக் கெடுதி இல்லை. ஒரு மேசைக்கரண்டி 5 கிராம் அளவு வரும். அதில 12 கலோரி, நார்ச்சத்து ஒண்டரை ரெண்டு கிராம். நல்லது. ஆனால் மருந்தில்லை. கொக்கோவில இருக்கிற பிளவனோல் எண்ட சத்தை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் எடுத்தால் ரத்தக்குழாயின்ர நெகிழ்ச்சிக்கு உதவும் எண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2012 இல ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் காரம் போட்ட தூளில அந்தச் சத்திலதான் பெரும்பங்கு போயிடும். அதால இதை நம்பி மாமா ஒரு குளிசையையும் விடக்கூடாது.

வீட்டில கர்ப்பிணிப் பிள்ளையள் இருந்தால் இரும்புக் குளிசையோட கொக்கோ குடுக்காதேங்கோ. தேத்தண்ணி மாதிரியே இதுவும் இரும்பு உடம்பில சேர விடாது, ரெண்டு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும். சிறுநீரகத்தில ஒட்சலேற்றுக் கல்லு வந்த ஆக்களுக்கும், சிறுநீரகம் பலவீனமான ஆக்களுக்கும் டொக்டரைக் கேளாமல் தினமும் வேண்டாம். கொக்கோவில ஒட்சலேற்றும் பொற்றாசியமும் கூட. கேக் துண்டை நாய்க்கும் போடாதேங்கோ, அதுக்கு இது நஞ்சு. கோழி தப்பினது, ஆனால் இனிக் கோழிக்கும் வேண்டாம்.

ஸ்கார்பரோ சித்தப்பா (சனி, காலை 5:15)

பிள்ளையள், நான் இஞ்ச பத்து வருசமா ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குக் கடைசியில அரைத் தேக்கரண்டி கொக்கோ போடுறன். மெக்சிக்கோச் சனம் மிளகாயோட சேர்த்துக் குழம்பு வைக்கிறவை, அவையிட்டைப் படிச்சது. கறி நல்லாக் கறுத்து வரும். செய்து பாருங்கோ.

மனையியல் ரீச்சர் (இளைப்பாறினது) (சனி, காலை 7:02)

யாழ்ப்பாணத்துத் தூளை வறுக்கிற விதத்தில வறுத்தால் கறி தானாக் கறுக்கும் தம்பி. உங்கை தூள் பழசாப் போச்சுதெண்டு சொல்லும்.

ஸ்கார்பரோ சித்தப்பா (சனி, காலை 7:20)

அதுவும் உண்மைதான் ரீச்சர் 🙏 போன வருசம் கொண்டுவந்த தூள்.

குரக்கன் கஞ்சி (சனி, முற்பகல் 11:34)

கைப்புக்கு ஒருத்தரும் வழி சொல்லேல்லை. ஒரு கிள்ளு உப்புப் போடுங்கோ அக்கா, கைப்பு அரைவாசி அடங்கும். கறுவாப் பட்டை ஒரு துண்டு, ஏலக்காய் ஒண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டால் நாக்கு இனிப்பைத் தேடுறது குறையும். பிள்ளையளுக்கு நான் குரக்கன் கஞ்சியில ஒரு தேக்கரண்டி கொக்கோவும் கனிஞ்ச கதலிப்பழம் ஒண்டும் மசிச்சுப் போடுறன். குரக்கனே கறுப்பு, கொக்கோ போட்டது ஒருத்தருக்கும் தெரியாது. மைலோவையும் ஒரே நாளில வெட்டாதேங்கோ. முதல் கிழமை மைலோ பாதி, கொக்கோ கால். அப்பிடியே இறக்கிக்கொண்டு வாங்கோ. நான் ஒன்றரை மாசம் எடுத்தனான்.

திருநெல்வேலி மருமகள் (ஞாயிறு, இரவு 8:20)

செய்து பாத்திட்டன், சொல்லுறன்.

பால் வெற்றி. பசையாக் குழைச்சு விட்டால் ஒரு கட்டியும் இல்லை. அரிதட்டு தேவைப்படேல்லை, கொதிதண்ணிதான் முக்கியம். பாதிப் பால், கறுவா, ஒரு கிள்ளு உப்பு, மூத்தவனுக்கு அரைக் கரண்டிச் சீனி. குடிச்சான். சின்னவளோட இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது, அவளுக்கு மைலோ பாதி வழிதான்.

கேக் பச்சை மாவில, பேக்கிங் பவுடரோட. பொங்கினது! மேல வெடிச்சுக்கூட வந்தது. சவுக்கார ருசி இல்லை. இனிப்புத்தான் காணாது, அடுத்தமுறை மூண்டு பழம். மாமி ரெண்டாவது துண்டு எடுத்ததை நான் பாக்காத மாதிரி இருந்தனான். மா ரின் ரெண்டிலும் இப்ப மாக்கரால எழுதியாச்சு.

மாமாதான் மிச்சம். மிஸ்ஸி எழுதினதை அப்பிடியே வாசிச்சுக் காட்டினன். பனங்கட்டியும் சீனிதான் எண்ட இடம் வர எழும்பிப் போட்டார். பேந்து பின்னேரம் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினார். குட்டானைத் தேடேல்லை. நானும் அதை எங்க வைச்சனான் எண்டு சொல்லேல்லை.

போறணைத் தம்பி (ஞாயிறு, இரவு 8:31)

வெடிச்சது நெருப்புக் கூடினதால அக்கா. அடுத்தமுறை தண்ணி கொதிச்சாப் பிறகு அடுப்பைக் குறையுங்கோ.