16 அடி அலுமினியப் படகு: விழுந்தவருக்கு எது கைக்கு எட்டும்?

(ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

சோளகம்

ஒன்ராறியோவில் எங்கட ஆட்கள் அதிகம் வாங்குவது 14 முதல் 16 அடி வரையான திறந்த அலுமினியப் படகு. பின்னால் வெளியே பூட்டும் 15 முதல் 40 குதிரைவலு எஞ்சின் (அவுட்போர்ட்). சிம்கோ ஏரிக்கும் குவின்ரி விரிகுடாவுக்கும் மீன்பிடிக்கப் போவது இதில்தான்.

6 மீற்றருக்கு உட்பட்ட படகில் சட்டம் கேட்கிற சாமான்கள் அதிகமில்லை. ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற், 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் புகாத ரோர்ச் அல்லது ஆபத்துச் சைகை காட்டும் 3 தீப்பந்தம் (ஃபிளேர்), விசில், துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரம், தண்ணீர் இறைக்க ஒரு வாளி அல்லது கைப்பம்ப். பாதிச் சாமானை ஒரே டப்பாவில் போட்டு 30, 40 டொலருக்கு விற்கிறார்கள். அதை வாங்கி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால் பொலிஸ் சோதனையில் பிரச்சினை வராது. ஆனால் தனியே போனவர் விழுந்தால் டப்பா படகுக்குள் இருக்கும், அவர் வெளியில் இருப்பார்.

அதனால் ஒவ்வொரு சாமானையும் ஒரே கேள்வியால் சோதிக்கச் சொல்கிறேன்: தண்ணீரில் கிடக்கிறவருக்கு இது கைக்கு எட்டுமா? எட்டாவிட்டால் இடத்தை மாற்றவேணும். தெரிந்தவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்ட குறைகளையும் அதற்குச் செய்த திருத்தத்தையும் எழுதுங்கோ.

நங்கூரம்

ஜக்கெற்றில் இருந்து தொடங்குவோம். இங்கே கொல்வது முதலில் குளிர். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லும் 1-10-1 கணக்கைப் படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்யவேணும். பனிக்குளிர் தண்ணீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்படாது, வாய் தானாகத் திறந்து இழுக்கும். அடுத்த 10 நிமிடம்தான் கையும் விரலும் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அந்த 1 மணி நேரம் ஜக்கெற் போட்டவருக்கு மட்டுமே உண்டு. போடாதவர் முதல் நிமிடத்திலேயே தண்ணீரை மூச்சாக இழுத்துவிடக்கூடும், நீச்சல் வீரராக இருந்தாலும் சரி.

"கோடைதானே" என்று சொல்லாதேங்கோ. ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் மேற்குக் காற்று ஓரிரு நாள் பலமாக அடித்தால் மேலே உள்ள சூடான நீரைத் தள்ளிவிட்டு அடி நீர் மேலே வரும். ஜூலையிலும் ரொறன்ரோக் கரையில் 20 பாகைக்கு மேல் இருந்த தண்ணீர் 10 பாகைக்குக் கீழே இறங்குவது உண்டு.

ஜக்கெற் இரண்டு வகை. நுரை வகைக்குப் பராமரிப்பு இல்லை. காற்றில் ஊதும் வகை உடம்பில் பாரம் தெரியாது, அதனால் ஆட்கள் கழற்றாமல் போட்டிருப்பார்கள். அதுதான் அதன் பெரிய பலம். ஆனால் கனடாவில் அது 16 வயதுக்கு மேல், 36 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும். திறந்த படகில் உடம்பில் போட்டிருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள், பக்கத்தில் வைத்திருந்தால் இல்லாததற்குச் சமம். அதில் பழுதாவது இரண்டு இடம். காற்றுக் குப்பி தளர்ந்து நிற்கும், கையால் இறுக்கிப் பார்க்கவேணும். தானாக ஊதுகிற வகை பலவற்றில் தண்ணீர் பட்டதும் கரைகிற வில்லை ஒன்று உண்டு, அதில் திகதி அச்சடித்திருக்கும், சாதாரணமாக 3 வருடம். வருடம் ஒருமுறை வாயால் ஊதி ஓர் இரவு விட்டுப் பாருங்கோ. காலையில் தளர்ந்திருந்தால் பை ஒழுகுகிறது.

பிள்ளைகளுக்கு "வளர்ந்தாலும் போடலாம்" என்று பெரிது வாங்குவதுதான் நான் காண்கிற மோசமான தவறு. போட்டுவிட்டு இரண்டு தோளிலும் பிடித்து மேலே இழுங்கோ. தோளுக்கும் ஜக்கெற்றுக்கும் இடையே 7, 8 சென்ரிமீற்றர் இடைவெளி வந்தால் அது பெரிது, தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். கால் இடுக்கால் போகிற வார், கழுத்துப் பட்டை, பின்னால் தூக்கும் பிடி மூன்றும் இருக்கவேணும்.

கொண்டல்

ஜாக்கெட் போட்டவர் மிதப்பார், சரி. படகு எங்கே இருக்கும்?

கைப்பிடியால் திருப்பும் அவுட்போர்டில் பிடி விட்டதும் புரொப்பெல்லரின் முறுக்கு விசை இன்ஜினை ஒரு பக்கம் திருப்பிவிடும். படகு நேராகப் போய்விடாது, வட்டம் போட்டு விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். இதைத் தடுக்க இருப்பது, இழுபட்டதும் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் சிவப்பு சுருள் கயிறு ஒன்றுதான். அதை இன்ஜினில் தொங்கவிட்டு ஓட்டுபவர்களே அதிகம். மணிக்கட்டில் மாட்டினால் கையுறையோடு நழுவும் என்பதால் தொடையிலோ ஜாக்கெட்டின் உலோக வளையத்திலோ மாட்டுவது நல்லது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஐடிலில் ஓடவிட்டுக் கயிற்றை இழுங்கள். இன்ஜின் அந்த நொடியே நிற்க வேண்டும். உப்பில்லாத ஏரியிலும் சுவிட்சுக்குள் துரு பிடிக்கும், நிற்காத இன்ஜின்கள் இருக்கின்றன.

கயிற்றோடு ஓட்டுநர் விழுந்துவிட்டால் மற்றவர் படகைக் கிளப்பி அவரிடம் போக, சுவிட்சில் மாட்ட இன்னொரு கிளிப் வேண்டும். அதை இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் கட்டி வையுங்கள், கூட வருபவருக்கு அது எங்கே என்று காட்டுங்கள். எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் போனால், 2021 ஏப்ரல் 1 முதல் அங்கே இந்தச் சுவிட்ச் பொருத்திய, 26 அடிக்குக் குறைந்த படகில் வேகமாக ஓடும்போது இதை மாட்டியிருப்பது சட்டம்.

அடுத்தது ஏறுவது. நனைந்த துணியோடு, விறைத்த கையோடு, கையூன்றி அலுமினிய விளிம்பில் ஏற முடியும் என்று நம்ப வேண்டாம். பக்கவாட்டில் இழுத்தால் படகு கவிழப் பார்க்கும். பின்பக்கம்தான் வழி. நீர்மட்டத்திலிருந்து விளிம்பு 0.5 மீட்டருக்கு மேல் இருந்தால் ஏறும் சாதனம் கட்டாயம். இந்தப் படகுகள் பல அந்த அளவுக்குக் கீழே வருவதால் யாரும் வைப்பதில்லை. மடக்கு ஏணி வாங்கும்போது கடைசிப் படி நீருக்குள் 55, 60 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், இரண்டு படி நீருக்குள் இருக்க வேண்டும். கால் எட்டினால்தான் ஏற்றம். கயிற்று ஏணி படகின் அடியில் மடங்கிப் போகும், காலைத் தூக்கி நெஞ்சுக்கு நேராக வைத்து யாராலும் ஏற முடியாது. ஏணியை நீரில் இருந்தபடி ஒரு கையால் இறக்க முடிய வேண்டும். மேலே கொக்கி போட்டுப் பூட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு, இழுத்தால் அவிழும் வெல்க்ரோ பட்டையும் தொங்கும் ஒரு அடி நாடாவும் போடுங்கள். ஜூலையில் கரையோரம் இடுப்பளவு நீரில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஏணி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

கிளாலிக்கரை

பழைய எஞ்சினில் கில் சுவிச்சே இல்லாட்டி?

கொண்டல்

தனியாகக் கிடைக்கும். ஆனால் இரண்டு விதம் உண்டு. பெரும்பாலான பழைய அவுட்போர்டில் நிறுத்தும் வயரை நெகட்டிவில் சேர்த்தால் இன்ஜின் நிற்கும். சிலவற்றில் சுற்றைத் துண்டித்தால் நிற்கும். மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

றெஞ்ச்

நான் பார்க்கிற படகுகளில் தண்ணீர் ஏறிப் பழுதாகி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டையில்லை, தண்ணீர் வடியும் துளையை மூடும் அடைப்புத்தான். பின்பக்க அடைப்பைப் போட மறந்து இறக்குவது. 1 அங்குலத் துளை நீர்மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 லீற்றர் வரும். படகுக்குள் வரும் தண்ணீரை இறைக்கும் மின்பம்பில் மணிக்கு 500 கலன் என்பதும் நிமிடத்துக்கு 31 லீற்றர்தான், அதுவும் மேலே தூக்காமல் அளந்த கணக்கு. ஒரு மீற்றர் தூக்கி, மடிப்பு மடிப்பான குழாயில் ஓடி, மெல்லிய வயரில் வோல்ற் குறைந்தால் அதில் கணிசமான பகுதி போய்விடும். அதனால் 16 அடிக்கு 500 போதும் என்று கடையில் சொன்னாலும் 1100 போடுங்கோ. விலை வித்தியாசம் சின்னது.

பூட்டும் முறைதான் முக்கியம். குழாய் உள்ளே வழுவழுப்பானதாக இருக்கவேணும், எங்கும் தொங்கி வளையக்கூடாது. வெளிவாய் ஆட்களும் பெற்றோலும் ஏற்றிய பிறகும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கவேணும், இல்லாட்டி பம்ப் நின்றதும் அதே குழாயால் ஏரி உள்ளே வரும். தண்ணீர் ஏறினால் பம்பைத் தானாக ஓட்டும் மிதவைச் சுவிச்சைப் பிரதான சுவிச்சுக்குப் பின்னால் இணைக்காமல் நேரே பற்றறிக்குக் கொண்டுபோங்கோ. பலர் கரையில் கட்டிவிட்டுப் பிரதான சுவிச்சை அணைப்பார்கள், இரவு மழை பெய்யும், காலையில் படகு அடியில். அந்த வயருக்குத் தனிப் பியூஸ் வேணும், பற்றறியிலிருந்து 18 சென்ரிமீற்றருக்குள். பியூஸ் எத்தனை அம்பியர் என்பது பம்பின் உடம்பிலேயே எழுதியிருக்கும். வீட்டு வயரும் திருகு மூடியும் படகுக்கு ஆகாது. வெள்ளீயம் பூசிய கடல் வயர், உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய், அழுத்தி இறுக்கும் இணைப்பு. கறுப்பாகிப் போன செப்பு நரம்பைக் கண்டால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிடுங்கோ.

பற்றறியைப் பட்டை போட்டுக் கட்டி, நேர்முனையில் ரப்பர் மூடி போடுங்கோ. அலுமினிய உடல் முழுக்க மின்கடத்தி என்பதை மறக்கக்கூடாது.

அடைப்புக்கு ஒரு வழி: ட்ரெயிலரின் முன் விஞ்சில் அதைக் கட்டித் தொங்கவிடுங்கோ. கொக்கியைக் கழற்றப் போகும் கை அதைத் தொடாமல் போகாது. இன்னொன்று படகுக்குள் இருக்கட்டும்.

சோளகம்

றெஞ்ச் அண்ணை, தூண்டில் வீச மேடை அடித்த படகுகளைப் பற்றியும் எழுதுங்கோ. பழைய படகு விற்பனையில் பாதி அப்படித்தான் வருகிறது.

றெஞ்ச்

அதைத்தான் எழுத நினைத்தேன், தம்பி. இரண்டு குறுக்கு இருக்கையைக் கழற்றிவிட்டு, பலகை போட்டு, கம்பளம் ஒட்டி, மேலே சுழல் கதிரை பூட்டுவார்கள். பார்க்க நல்லாயிருக்கும், மீன்பிடிக்கவும் வசதி. ஆனால் ஒரே வேலையில் மூன்று கெடுதல்.

அந்த இருக்கைக்குள்தான் மிதவை நுரை இருந்தது. அது போனால் தண்ணீர் நிரம்பிய படகு எஞ்சினோடு பின்பக்கமாகத் தாழும். 40 குதிரைவலு நாலு ஸ்ரோக் எஞ்சின் ஒன்று 100 கிலோவுக்குக் கிட்ட வரும். ஒரு கன அடி நுரை தாங்குவது ஏறக்குறைய 27 கிலோ. கழற்றிய நுரையை அளந்து அதே அளவையாவது திருப்பி வைக்கவேணும், அதுவும் அடியில் இல்லை, பக்கங்களின் மேல்பகுதியிலும் பின்னுக்கும். அடியில் வைத்தால் நிரம்பிய படகு தலைகீழாகத் திரும்பப் பார்க்கும்.

குறுக்கு இருக்கை படகின் எலும்பு. அது இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிறது. எடுத்தபின் அலையில் உடல் வளைந்து ஆணிகள் தளரும், கசிவு தொடங்கும்.

மூன்றாவது உயரம். 30 சென்ரிமீற்றர் மேடையில் நின்று வீசுகிறவருக்கு விளிம்பு முழங்காலுக்கும் கீழே. உள்ளே ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகடு தொழிற்சாலையில் இருந்து வந்த படகுக்கு, நல்ல காலநிலைக்கு எழுதியது. 4 பேர் என்று அதில் இருந்தாலும் மேடை அடித்தபின் அந்த எண்ணை நம்பவேண்டாம்.

பழைய நுரை இருந்தாலும் சோதியுங்கோ. இருக்கையின் பக்கத்தில் துளை போட்டு ஒரு குச்சி நுரை எடுங்கோ. பிழிந்தால் தண்ணீர் வந்தால் அது மிதவையில்லை, பாரம். மாற்றும்போது கட்டடத்துக்குப் போடும் நீல அல்லது இளஞ்சிவப்புப் பலகை நுரை தண்ணீர் குடிக்காது. ஆனால் பெற்றோல் பட்டால் கரையும், தாங்கிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. மேடைக்குச் செப்புப் பூச்சு ஏற்றிய பச்சைப் பலகை வாங்கவே வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கிளாலிக்கரை

பெற்றோல் பற்றிச் சுருக்கமாக. கையால் தூக்கும் தாங்கியைப் படகில் வைத்து நிரப்பாமல் நிலத்தில் இறக்கி நிரப்புங்கோ. ஆவி காற்றைவிடப் பாரம், படகின் அடியில் தேங்கி நிற்கும். முழுக்க நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விடுங்கோ. வெயிலில் நிறுத்திவைக்கும்போது குழாயைக் கழற்றிவிடுங்கோ, புதுத் தாங்கிகள் ஆவியை அடைத்து வைப்பதால் அழுத்தம் பெற்றோலை எஞ்சினுக்குள் தள்ளும். தளத்துக்கு அடியில் நிலையான தாங்கி இருந்தால் எண்ணெய், மின் தீக்குரிய 5பி.சி. தரத் தீயணைப்பான் கட்டாயம். அதைத் தாங்கிக்குப் பக்கத்தில் மாட்டாமல் முன்னுக்கு, தீயைத் தாண்டாமல் எடுக்கிற இடத்தில் மாட்டுங்கோ.

நங்கூரம்

என் பெயருக்கு உரிய விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். நங்கூரத்தோடு சட்டம் கேட்கும் 15 மீற்றர் கயிறு நங்கூரம் பிடிக்கப் போதாது. ஆழத்துக்கு 7 மடங்கு விடவேணும், விளிம்பின் உயரத்தையும் சேர்த்து. 6 மீற்றர் ஆழத்துக்கு 45 மீற்றர். நுனியில் 2 மீற்றர் சங்கிலி இருந்தால்தான் நங்கூரம் படுத்துக் கிழிக்கும். எப்போதும் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கட்டவேணும். மீன்பிடிக்க வசதி என்று பின்பக்கம் கட்டுகிறவர்கள் ஒரு பெரிய படகின் அலை வந்தால் எஞ்சின் வெட்டுப் பகுதியால் படகை நிரப்பிக்கொள்வார்கள்.

சிம்கோவின் நடுவில் எஞ்சின் நின்றால் உங்கட கயிற்றுக்கு ஆழம் அதிகம், நங்கூரம் பிடிக்காது. அப்போது அணியத்திலிருந்து ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கோ. தலை காற்றுக்கு நேரே திரும்பும், அலை பக்கத்தில் அடிக்காது. ஆனாலும் ஏரியின் பெரிய பரப்போடு பார்த்தால் ஆழம் குறைவுதான். அதனால் அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக வரும். கனடா சுற்றாடல் திணைக்களத்தின் பலத்த காற்று எச்சரிக்கை 20 நொட்டில் (மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீற்றர்) தொடங்கும். 16 அடிக்கு 15 நொட்டிலேயே கரையில் நிற்பது நல்லது.

கடைசியாகத் தொடர்பு. போனை நீர்புகாப் பையில் போட்டு ஜக்கெற் பொக்கெற்றில் வையுங்கோ, ஆனால் விறைத்த ஈர விரலுக்குத் தொடுதிரை கேட்காது. பேரேரிகளுக்குப் போகிறவர்கள் மிதக்கும் வி.எச்.எஃப் கை றேடியோ வாங்கி, அதற்குரிய சான்றிதழையும் எடுக்கவேணும். 16ஆம் சனலில் "மேடே" மூன்று தரம், படகின் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். ஜி.பி.எஸ். உள்ள வகையில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் இடத்தையும் சேர்த்து அனுப்பும், ஆனால் அதற்கு முன்பே ஒன்பது இலக்க அடையாள எண்ணைப் பதிந்து உள்ளிட்டிருக்கவேணும். உள்ளிடாத றேடியோவில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. பாவித்த றேடியோ வாங்கினால் அதில் பழைய சொந்தக்காரரின் எண் இருக்கக்கூடும், அதையும் மாற்றிக்கொள்ளுங்கோ.