தமிழ் உரை நிரலில் எங்கெல்லாம் உடைகிறது: கண்டவை, திருத்தியவை

தமிழைத் தொடும் நிரல்களில் கண்ட பிழைகளை இங்கே ஆளாளுக்குச் சேர்ப்போம், நட்சத்திரக் குறிகளுக்குக் கீழே வருவது அடுத்த பதிவு. எந்த கம்பெனி, எந்த ப்ராஜெக்ட் என்பதெல்லாம் வேண்டாம். என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிச் சரியானது என்று மட்டும் எழுதினால் போதும்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடலாம். ‘தமிழ்’ என்ற சொல்லில் பள்ளிக்கூடக் கணக்குப்படி 3 எழுத்து. யூனிகோட் கணக்கில் 5 கோட் பாயின்ட் (ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் தரும் எண்): த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 கணக்கில் 15 பைட். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. அதற்குள் எது வந்தாலும் ஆளுக்கு 3 பைட். இப்போது நீளம் என்ன என்று கேட்டால் பைத்தானும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்று சொல்லும், கோ, ரஸ்ட் மொழிகள் 15 என்று சொல்லும், ஸ்விஃப்ட் 3 என்று சொல்லும். மூன்றுமே சரியான விடைதான், கேள்விதான் வேறு வேறு. கீழே வரப்போகும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் எதை எண்ணுகிறோம் என்று பார்க்காமல் எழுதியதால் வந்தவை.

கண்கூடாகப் பார்க்க, ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போடுங்கள். கோட் பாயின்ட் வாரியாகத் திருப்பினால் புள்ளி முதலில் வந்து, ஒட்ட எழுத்தில்லாமல் புள்ளிவட்டத்தின் மேல் உட்காரும். இகரக் குறி மகரத்தை விட்டு ழகரத்தில் ஏறிக்கொள்ளும். வர வேண்டியது ‘ழ்மித’. அதற்கு எழுத்தெழுத்தாகப் பிரித்த பிறகே திருப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் இருக்கிறது. பைத்தானில் தனியாக நிறுவும் ரெஜெக்ஸ் (உரையில் வடிவம் தேடும்) மாட்யூலில், ஓர் எழுத்தை முழுதாகப் பிடிக்கும் பின்சாய்கோடு-எக்ஸ் இருக்கிறது, ஓப்பன்-தமிழ் நூலகமும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: க்ஷ, ஸ்ரீ இரண்டையும் யூனிகோடின் பொது விதி இரண்டு துண்டாகத்தான் வெட்டும். சொல் விளையாட்டு செய்பவர்கள் அவை ஓரெழுத்தா ஈரெழுத்தா என்று முதலிலேயே முடிவு செய்து, அதற்கொரு டெஸ்ட் எழுதிவிடுங்கள்.

* * *

தேடலில் வருவதைச் சொல்கிறேன். டேட்டாபேஸில் ‘மொழி’ இருக்கிறது, கண்ணால் பார்க்கவும் முடிகிறது, தேடினால் பாதி வரிகள்தான் வருகின்றன. காரணம், ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 3018 என்ற ஒற்றைக் குறி, அல்லது 3014 (கொம்பு), 3006 (கால்) என்ற இரண்டு குறி. திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது, ஒப்பிட்டால் சமம் இல்லை. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான். உள்ளே வரும் எல்லா உரையையும் என்எஃப்சி-க்கு (இப்படிப்பட்ட இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) மாற்றிச் சேமியுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஒரே வரி வேலை. ஏற்கெனவே உள்ள டேபிளை ஒருமுறை ஓட்டித் திருத்த மறந்தால், பழைய வரிகள் மட்டும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டே இருக்கும்.

என்எஃப்சி தீர்க்காத மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘ஔவை’யை ஒ, ள, வை என்று தட்டியிருப்பார்கள். அந்த ள உண்மையான ளகரம் (2995). ஔகாரத்தின் வால் 3031. உருவம் ஒன்று, யூனிகோடுக்கு அவை இரண்டு பேர். ‘கௌரவம்’ பாதி இடங்களில் க, கொம்பு, ள என்று கிடப்பதும் இப்படித்தான். இதை விதி போட்டு மொத்தமாக மாற்றாதீர்கள்: ‘கெளுத்தி’யில் இருப்பது அசல் ளகரம். சொல் பட்டியல் வைத்து மாற்றுவதுதான் பாதுகாப்பு.

பழைய எழுத்துருக் குறியாக்கத்திலிருந்து அரைகுறையாக மாற்றிய உரையில், கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே நிற்கும். யூனிகோடில் பார்ப்பது எப்படியோ, சேமிப்பது மெய்க்குப் பின்னால்தான். வரியின் தொடக்கத்திலோ இடைவெளியை அடுத்தோ 3014, 3015, 3016 வந்தால் அது இந்த வகை.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாத 8203, 8204, 8205 என்ற குறிகள். இணையப் பக்கங்களிலிருந்து வெட்டி ஒட்டியதில் ஒளிந்து வரும். என்எஃப்சி இவற்றைத் தொடாது. 8204-ஐ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்க வேண்டாம். க்-கும் ஷ-வும் ஒட்டி க்ஷ ஆகிவிடாமல் இருக்கச் சிலர் தெரிந்தே போடுவார்கள். தேடலுக்கான நெடுவரிசையில் நீக்குங்கள், மூலத்தில் விட்டுவையுங்கள்.

* * *

என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) குழப்பத்தில் திரையில் தெரிவதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை, தரவு நலமாக இருக்கிறது. கேள்விக்குறி வரிசையாகத் தெரிந்தால், தமிழுக்கு இடமில்லாத என்கோடிங்கில் எழுதிவிட்டார்கள். எழுதிய அன்றே தரவு போய்விட்டது, பேக்கப்பைத் தேடுங்கள். மேலே சாய்கோடு போட்ட லத்தீன் ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறி வந்தால் யூடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸ்-1252 (தமிழ் இல்லாத பழைய மேற்கத்திய என்கோடிங்) என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். தமிழின் ஒவ்வொரு கோட் பாயின்டும் 224 என்ற பைட்டில் தொடங்கி 174 அல்லது 175-ஐ அடுத்து வைக்கும், அதனால்தான் அந்த ஒரே தாளம்.

கடைசி வகையை மீட்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள்: 1252-ஆக என்கோட் செய், யூடிஎஃப்-8-ஆக டீகோட் செய், முடிந்தது. தமிழில் அங்கேதான் கண்ணி. விண்டோஸ்-1252இல் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே கிடையாது: 129, 141, 143, 144, 157. உகரக் குறியின் மூன்றாம் பைட் 129. புள்ளியின் மூன்றாம் பைட் 141. ஏ 143, ஐ 144. பழுதான வழியில் எங்காவது கண்டிப்பான 1252 டீகோடர் இருந்து, ‘பிழையை ஒதுக்கு’ என்று சொல்லியிருந்தால், புள்ளியும் உகரமும் ஏ-யும் ஐ-யும் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். மீட்ட உரையில் புள்ளி ஒன்றுகூட இல்லை என்றால் இதுதான் காரணம். உலாவிகள் அந்த ஐந்தையும் கட்டுப்பாட்டுக் குறிகளாக வைத்துக்கொள்வதால் அவ்வழி வந்தது மீளும். அப்போது லத்தீன்-1, 1252 இரண்டையும் கலந்து பைட் பைட்டாகத் திருப்ப வேண்டியிருக்கும். பைத்தானில் எஃப்டிஎஃப்ஒய் நூலகம் இந்தக் கலப்பைத் தானே பார்த்துக்கொள்கிறது.

* * *

சிஎஸ்வி-யை எக்செலில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரிகிறதா? கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட் (பாம்) சேர்த்து எழுதுங்கள். பைத்தானில் என்கோடிங் பெயர் ‘யூடிஎஃப்-8-சிக்’. அதே கோப்பை இன்னொரு நிரல் சாதாரண யூடிஎஃப்-8-ஆகப் படித்தால் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தாது. அங்கும் ‘சிக்’ போட்டே படியுங்கள்.

* * *

வரிசைப்படுத்தல். மரம், மலர், மழை, மறதி, மனம். அகராதி வரிசை இதுதான். சாதாரண சார்ட் கொடுப்பதோ மனம், மரம், மறதி, மலர், மழை. யூனிகோடில் ன-வை ந-வுக்குப் பக்கத்திலும், ற-வை ர-வுக்குப் பக்கத்திலும் வைத்துவிட்டார்கள். ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் இருக்கின்றன. புள்ளியும் தன் பங்குக்குக் குழப்பும்: அகராதியில் அக்கா முதலில், அகம் பிறகு. கோட் பாயின்ட் வரிசையில் தலைகீழ், ஏனென்றால் புள்ளியின் எண் 3021, மகரத்தின் எண் 2990.

கையால் வரிசை அட்டவணை எழுத உட்காராதீர்கள். ஐசியூ என்ற யூனிகோட் நூலகம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியூ கொலேஷன் (மொழிவாரி வரிசை விதி) கிடைக்கும், பைத்தானில் பைஐசியூ, ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் கொலேட்டருக்குத் தமிழ் லொகேல் கொடுங்கள். நோட்.ஜேஎஸ் 13-க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பாக ஆங்கிலத் தரவு மட்டுமே உள்ளே இருந்தது. தமிழ் கேட்டால் எரர் வராது, பேசாமல் வேறு வரிசை தரும். பழைய சர்வரில் மட்டும் வரிசை தவறினால் முதலில் நோட் பதிப்பைப் பாருங்கள்.

* * *

ரெஜெக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. பைத்தானுடன் வரும் ‘ஆர்இ’ மாட்யூலில், சொல்லின் எழுத்துகளைப் பிடிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ, உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எடுக்காது. ‘தமிழ்’ என்ற சொல்லில் ஓட்டினால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு கிடைக்கும். சொல் எண்ணிக்கை, குறிச்சொல் மேகம், ஹேஷ்டேக் பிரிப்பான் எல்லாம் இதில் விழும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதையுமே எடுக்காது. 2944 முதல் 3071 வரை என்று நேரடியாக வரம்பு கொடுங்கள், அல்லது யூனிகோட் வகைகள் எல் (எழுத்து), எம் (ஒட்டும் குறி) இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எல் மட்டும் போட்டுவிட்டு எம்-ஐ விட்டால் மறுபடி அதே துண்டுதான்.

படிவத்தில் எண் சரிபார்க்கிறீர்களா? பைத்தானின் இன்ட் ‘௧௨’-ஐ வாங்கி 12 என்று தரும். அது பிழையில்லை, வடிவமைப்பே அப்படி. ‘௰’ கொடுத்தால் விழுந்துவிடும்.

* * *

நீளக் கணக்கு, இரண்டு இடம்.

ஆரக்கிளில் வார்சார்2 30 என்று எழுதினால், யாரும் அமைப்பை மாற்றாதவரை, அது 30 பைட். ‘திருநாவுக்கரசு’ 8 எழுத்து, 14 கோட் பாயின்ட், 42 பைட். 12899 என்ற பிழை வரும். 30-க்குப் பின்னால் ‘சார்’ என்று சேர்த்து அறிவிக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் கோட் பாயின்டை எண்ணுவதால் இந்தச் சிக்கல் இல்லை; ஆனால் அங்கே வெறும் ‘யூடிஎஃப்8’ என்பது 3 பைட் வரைக்கும்தான். தமிழ் அதில் சரியாக அடங்கிவிடும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடும், யாரோ ஒரு சிரிப்பு முகம் (4 பைட்) போடுவார்கள், 1366 என்ற பிழை வரும். தமிழ் எழுதியதால் என்று பழி தமிழ் மேல் விழும்! யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள், கனெக்‌ஷனிலும் சேர்த்து.

எஸ்எம்எஸ்: ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 160 குறி, தமிழ் கலந்தால் 70. நீளமானதைத் துண்டாக அனுப்பும்போது 153, 67. ‘வணக்கம்’ மட்டுமே 7 பிடிக்கும். முழுச் செய்தியும் ஆங்கிலமாக இருந்து கடைசியில் ‘நன்றி’ என்று போட்டாலும் மொத்தமும் 70 கணக்குக்குப் போய்விடும், செய்தி நீளமானால் பில் இரட்டிப்புக்கு மேலும் போகலாம்.

* * *

மொழிபெயர்ப்புக் கோப்புகளில் உள்ளது நிரல் பிழை மாதிரியே தெரியாது. ஆங்கிலத்தில் பெயருக்கு ஓர் ஓட்டை விட்டு எழுதியிருப்பார்கள். தமிழில் அதே ஓட்டைக்குப் பின்னால் ‘இல்’ ஒட்டினால் திரையில் ‘படம்இல்’, ‘வீடுஇல்’ என்று வரும். படத்தில், வீட்டில், கோப்புறையில் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறாக மாறுவதை எந்த ஓட்டையும் செய்யாது. வாக்கியத்தைத் திருப்பி எழுதுவதே வழி: பெயருக்கான இடத்தை அடுத்து ‘என்ற கோப்புறையில்’. ‘என்ற’ எந்தப் பெயரோடும் சண்டை போடாது. அதே மாதிரி ‘கள்’ ஒட்டும் குறுக்குவழியும் வேண்டாம். மரங்கள், பூக்கள், கற்கள் என்று மூன்று சொல்லில் மூன்று விதமாகத் தோற்கும். ஒருமை, பன்மை இரண்டையும் முழுச் சொல்லாகவே எழுதிக் கொடுங்கள்.

* * *

கல்லூரி முடிக்கப்போகிறேன். இந்த மாதிரி விஷயங்கள் வேலைக்கு உதவுமா, இல்லை ஃப்ரேம்வொர்க் படிப்பதே மேலா அண்ணா?

* * *

தம்பி, ‘தமிழ் யூனிகோட் தெரிந்தவர் தேவை’ என்று தனியாக ஆள் எடுப்பது அரிது. ஃப்ரேம்வொர்க் ஒன்று வேண்டும்தான். ஆனால் நேர்காணலில் ஸ்ட்ரிங்கைத் திருப்பச் சொல்வது தேய்ந்துபோன கேள்வி. எழுதத் தொடங்குமுன் “உள்ளீடு ஆங்கிலம் மட்டுமா, எந்த மொழியும் வருமா? பைட்டா, கோட் பாயின்டா, எழுத்தா?” என்று கேள். முதலில் எளிய விடையை எழுது, பிறகு எங்கே உடையும் என்று ‘தமிழ்’ வைத்துக் காட்டு. இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் நீட்டினால் மேதாவித்தனம் காட்டுவதாக நினைப்பார்கள்.

காட்டுவதற்கு வேலை வேண்டுமென்றால் திறமூல நூலகம் ஒன்றை எடு. பிடிஎஃப் ஆக்குவது, படத்தில் எழுத்து வரைவது மாதிரி ஒன்று. ‘கொ’ வரைந்து பார். க-வை அடுத்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் குறிகளை எழுத்தாகக் கோக்கும் வேலை (ஷேப்பிங்) நடக்கவில்லை. பைத்தானின் பில்லோ பட நூலகத்தை, அந்த வேலையைச் செய்யும் ராக்ம் இல்லாமல் நிறுவினால் இதுதான் நடக்கும், அது நூலகப் பிழை இல்லை, நிறுவல் குறை. முதலில் அதைப் பிரித்தறி. உண்மையான பிழை என்றால் புகார் இப்படி இருக்கட்டும்: நூலகப் பதிப்பு, இயங்குதளம், எழுத்துருவின் பெயர், பத்து வரிக்குள் ஓடும் நிரல், எதிர்பார்த்தது, கிடைத்தது. உள்ளீட்டை எண்களாகவும் கொடு. படம் மட்டும் ஒட்டினால் 3018-ஆ, 3014-உம் 3006-உமா என்று பராமரிப்பவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தமிழ் தெரியாது என்றே வைத்து எழுது. திருத்தம் அனுப்பினால் ஒரு பிழை, ஒரு டெஸ்ட். பக்கத்து வரிகளின் இடைவெளியை அழகுபடுத்தாதே, படிப்பவர் எரிச்சலாவார். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், தினமும் நினைவூட்டாதே.

ரெஸ்யூமேயில் ‘யூனிகோட் அறிவு’ என்று எழுதுவதை விட ‘தேடலில் விடுபட்ட வரிகளுக்குக் காரணம் என்எஃப்சி மாற்றம் இல்லாதது எனக் கண்டறிந்து, பழைய தரவை மாற்றும் ஸ்கிரிப்டும் டெஸ்டும் எழுதியது’ என்ற வரி நிற்கும். ரெஸ்யூமே பிடிஎஃப்-இல் தமிழில் பெயர் போட்டிருந்தால், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டிப் பார். கொம்பு இடம் மாறி வந்தால், வடிகட்டும் மென்பொருளுக்கும் அப்படித்தான் போகும். பெயரை ஆங்கிலத்திலும் சேர்த்துப் போடு.

* * *

சந்தடி சாக்கில் ஒன்று: கிட் ஸ்டேட்டஸில் தமிழ்க் கோப்புப் பெயர் 340, 256, 244 என்று எண்களாகக் கொட்டுகிறது. கோப்புப் பெயர் கெட்டுவிட்டதா?

* * *

கெடவில்லை. அவை எண்ம (ஆக்டல்) எண்ணில் எழுதிய பைட்டுகள். நீங்கள் காட்டிய மூன்றும் சேர்ந்தால் ‘த’. கிட் கான்ஃபிக்கில் கோர்.க்வோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், பெயர் பெயராகவே தெரியும்.