பெரியப்பா கொடுத்த 97 மாடல் மாருதி 800: எதுல கை வைக்கது முதல்ல?

சேரைமாதேவி800 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில பெரியப்பா வீட்டுத் தொழுவத்துல தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்த 1997 மாருதி 800 இப்ப என் கைக்கு வந்திருக்கு. வெள்ளை கலர், ஏசி இல்லாத ஸ்டாண்டர்ட் மாடல், நாலு கியர், கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற பாகம்) வச்ச வண்டி. பேட்டரி மாத்தி, ஆயில் மாத்தி, டேங்க்ல புது பெட்ரோல் ஊத்தி ஓட்டிக்கிட்டு இருக்கேன். பாடி நல்லாத்தான் இருக்கு.

கையில 60,000 ரூபாய் ஒதுக்கி வச்சிருக்கேன். ஆசைப்படுறது இதுதான்: 13 இஞ்ச் அலாய், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைக் கொஞ்சம் இறக்குறது, நல்ல சத்தம் வர்ற சைலன்சர், சீட் கவர்.

ஒரு தொந்தரவும் இருக்கு. மத்தியான வெயில்ல பாபநாசம் போய், காரையாறு ரோட்டு செக்போஸ்ட்ல நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகுறதே இல்ல. அரைமணி நேரம் பானட்டைத் திறந்து போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்கிடும். காலையில குளிர்ல முதல் சாவிக்கே பிடிக்குது. ஒரு பட்டறையில கார்பரேட்டரையே மாத்துன்னாங்க. இன்னொரு இடத்துல, எம்பிஎஃப்ஐ இன்ஜினை (கார்பரேட்டர் இல்லாம, கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோலைப் பீச்சுற வகை) மாத்திப் போட்டுட்டா தொல்லை விட்டதுன்னாங்க. எதை நம்ப?

பேட்டை சக்கரம் எழுதியது:

ப்ரோ, 13 இஞ்ச் தாராளமா போடலாம். 12 இஞ்ச் டயர் இப்பல்லாம் எல்லா கடையிலயும் கிடைக்கது இல்ல, 13-க்கு அந்தக் கவலை கிடையாது. 145/70 ஆர்13 சைஸ் டயர் போட்டா வீல் ஆர்ச்ல இடிக்காது. போல்ட் இடைவெளி பொருந்துதான்னு மட்டும் கடையிலயே மாட்டிப் பார்த்துட்டு வாங்குங்க. ஓரத்துல ரிங் போட்டுச் சமாளிக்கிற சோலியே வேண்டாம்.

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, அலாய்க்கு ஒரு ரூபாய் எடுக்கதுக்கு முன்னால அந்தச் சூட்டுல நிக்குத சங்கதியைப் பார்த்துருவோம். கார்பரேட்டரை மாத்தச் சொன்னவங்க அதோட கண்ணாடியைப் பார்த்தாங்களான்னு கேளுங்க. உங்க வண்டியில இருக்கது மிக்குனி கார்பரேட்டர். அதோட ஃப்ளோட் சேம்பர்ல (பெட்ரோல் தேங்கி நிக்குத கிண்ணம், உள்ள ஃப்ளோட்ங்கற மிதவை இருக்கும்) வட்டமா சின்னக் கண்ணாடி ஒண்ணு வச்சிருப்பான், நடுவுல ஒரு புள்ளி அடையாளம் இருக்கும். பெட்ரோல் மட்டம் அந்தப் புள்ளிக்கு நேரா நிக்கணும். எத்தனையோ பேரு கண்ணாடி மேல படிஞ்ச அழுக்கைக்கூடத் துடைக்காம முடிவு சொல்லிருதாங்க.

அடுத்த தடவை வண்டி நின்னுபோச்சுன்னா உடனே சாவியைத் திருப்பித் திருப்பிப் பேட்டரியைக் கொல்லாதீங்க. ஏர் கிளீனர் மூடியைக் கழட்டுங்க. சுத்துமுத்தும் பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. கார்பரேட்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால இழுங்க. பெட்ரோல் மெல்லிசா பீச்சி அடிச்சா, எண்ணெய் வந்து சேர்ந்திருக்கு. கோளாறு கரண்ட் பக்கம். இக்னிஷன் காயில் சூடேறினா கைவிட்டுட்டு, ஆறினதும் வேலை செய்யும், அதைப் பாருங்க. ஒரு சொட்டும் பீச்சலைன்னா பம்ப்லயோ ஹோஸ்லயோ பெட்ரோல் ஆவியாகி அடைச்சு நிக்கி. பீச்சாமலே உள்ள நனைஞ்சு வடிஞ்சுக்கிட்டு இருந்தா கிண்ணத்துக்குப் பெட்ரோல் வர்ற வழியை அடைக்குத ஊசி வால்வு சரியா உட்காரலை, எண்ணெய் மிஞ்சிப்போச்சு. அப்ப ஆக்சிலரேட்டரைத் தரையோட மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணினா எடுக்கும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. பார்க்காம பொருளை மாத்தினா காசுதான் போகும்.

நீங்க சொல்லுததை வச்சுப் பார்த்தா எனக்கு ரெண்டாவது, பெட்ரோல் ஆவியாகி அடைக்குத சங்கதி மேலதான் சந்தேகம். இந்த இன்ஜின்ல பெட்ரோல் பம்ப் இன்ஜின் தலையிலயே உட்கார்ந்திருக்கு, மெக்கானிக்கல் பம்ப். மலை ஏறி நிறுத்தினதும் ஃபேன் காத்தும் இல்ல, ஓட்டக் காத்தும் இல்ல, இன்ஜின் சூடு முழுசும் பம்புக்கும் ஹோஸுக்கும் ஏறுது. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். 97-ல இந்த வண்டியைச் செஞ்சவன் அந்த எண்ணெயை மனசுல வச்சுச் செய்யலை. செக்போஸ்ட்ல நின்னா ஈரத்துணியை பம்ப் மேல போட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டா நோய் இன்னதுன்னு தெரிஞ்சு போச்சு.

அப்புறம் ஒண்ணு. ஏர் கிளீனர் மூக்குல ஒரு சின்ன லிவர் இருக்கும், ஒரு பக்கம் எஸ், இன்னொரு பக்கம் டபிள்யூ. எஸ் கோடைக்கு, டபிள்யூ குளிருக்கு. டபிள்யூ-ல இருந்தா சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கத்துச் சுடுகாத்தை உறிஞ்சும். நம்ம ஊர்ல அந்த லிவருக்கு மார்கழியிலகூட டபிள்யூ பக்கம் சோலி இல்ல. துருப்பிடிச்சு அங்கனயே இறுகிக் கிடக்கான்னு பாருங்க. தேய்ச்சு எஸ்-க்குத் தள்ளுததுக்குக் காசு கிடையாது.

பழைய ரப்பர் ஹோஸ் அத்தனையும் மாத்துங்க. ஹோஸ் மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9-னு அச்சடிச்சிருக்கத வாங்கினா எத்தனாலைத் தாங்கும். பம்ப் டயாஃப்ரம் (உள்ள இருக்க ரப்பர் சவ்வு), கார்பரேட்டர் கேஸ்கெட் கிட் ரெண்டும் புதுசு போடுங்க. சாமான் கிடைக்குமான்னு பயப்படாதீங்க. ஆம்னியும் இதே 796 சிசி இன்ஜின்தான், அது 2019 வரைக்கும் வந்துச்சு. தொழுவத்துல கிடந்த வண்டிங்கதால டேங்கை இறக்கிக் கழுவியே ஆகணும். எத்தனால் தண்ணியை இழுக்கும், தண்ணி துருவைக் கொண்டு வரும், துரு நேரா கார்பரேட்டர் ஜெட்டுல (பெட்ரோல் போற சின்னத் துளை) போய் உட்காரும். கண்ணாடி மாதிரி தெரியுத ஃபில்டர் ஒண்ணு போட்டுட்டா உள்ள என்ன வருதுன்னு கண்ணாலயே பார்த்துக்கிடலாம்.

ரேடியேட்டர்ல என்ன ஊத்தியிருக்கீங்க? போர் தண்ணியா இருந்தா உடனே வடிச்சிருங்க. உப்பு படிஞ்சு குழாய் அடைச்சிரும். கூலன்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் கலந்து ஊத்துங்க. ஃபேன் சுவிட்ச் சரியான சூட்டுல போடுதான்னு நிறுத்தி வச்சே பாருங்க.

இவ்வளவு முடிஞ்ச பிறகு பிரேக். ரொம்ப நாள் நின்ன வண்டியில பின் சக்கரத்து வீல் சிலிண்டர் ரப்பர் காஞ்சு கசியும். டிரம்மைக் கழட்டி, ரப்பர் மூடியை நகத்தால லேசாத் தூக்கிப் பாருங்க; உள்ள ஈரம் இருந்தா ரெண்டு பக்கமும் புதுசு போடணும். பாபநாசம் இறக்கத்துல கியர் பாதி, பிரேக் பாதி. அங்க சோதிச்சுப் பார்க்க முடியாது.

இப்ப அலாய். 145/70 ஆர்12 டயரோட மொத்த உயரம் 508 மில்லிமீட்டர் சொச்சம். அதே 145/70-ஐ 13-ல போட்டா 533. சக்கரம் 5 சதவீதம் பெரிசாகுது. மீட்டர் 60 காட்டும்போது நீங்க 63-ல போறீங்க. மேடு ஏறும்போது ரெண்டாவது கியர் இழுக்கத இடத்துல முதல் கியர் கேக்கும். 40 குதிரைகூட இல்லாத இன்ஜினுக்கு அந்த 5 சதவீதம் நல்லாவே தெரியும். டவுனுக்குள்ளயும் நாலுவழிச் சாலையிலயும் மட்டும் ஓட்டுதவருக்கு 13 சரி. பேட்டை சொன்னது தப்பு இல்ல. மலைக்குப் போறவருக்கு நான் 12-தான் சொல்லுவேன்.

எம்பிஎஃப்ஐ இன்ஜின் வேண்டவே வேண்டாம். இன்ஜினை மட்டும் மாத்திப் போட்டா வேலை முடியாது. டேங்க்குள்ள பம்ப், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் கூட வரணும், ஆர்டிஓ அனுமதியும் வேணும். கார்பரேட்டர் வண்டியோட அருமை என்ன தெரியுமா? 10, 12, 14, 17 ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தா ஞாயித்துக்கிழமை காலையில முற்றத்துலயே பாதி வண்டியைக் கழட்டி மாட்டிரலாம். 1983 டிசம்பர்ல வர ஆரம்பிச்சு 2014 ஜனவரியில நிறுத்தின வண்டி இது. இனி ஒண்ணு புதுசா வரப்போறது இல்ல. வந்தபடியே சுத்தமா நிக்குத 97 ஸ்டாண்டர்டைப் பார்த்தா எனக்கு இன்னைக்கும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கத் தோணும். உங்க பெரியப்பா அதைத் தார்ப்பாய் போட்டுக் காப்பாத்தியிருக்காங்க தம்பி.

உவரிக் கரை எழுதியது:

நான் திசையன்விளை பக்கம். 800-லதான் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வாரேன். ஸ்பிரிங் வெட்டுறதைப் பத்தி யாரும் பேசலையே, அதனால எழுதுதேன்.

தம்பி, அதைச் செய்யாதீங்க. ஸ்பிரிங் ஒரு சுத்து குறைஞ்சா மிச்சம் விறைப்பாகும், ஷாக் அப்சார்பர் அதுக்கு ஈடுகொடுக்காது. பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் அதோட இருப்பிடத்தை விட்டு நழுவக்கூட வழியிருக்கு. வண்டியோட எடையே 650 கிலோ அளவுதான். ஆனி, ஆடியில வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் வரைக்கும் அடிக்கிற காத்து உங்களுக்குத் தெரியும். பக்கத்துல போற லாரி மறைப்பை விட்டு வெளிய வந்ததும் ஸ்டீயரிங்கை ஒரு கை பிடிச்சு இழுத்த மாதிரி இருக்கும். ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் (முன்சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துத ரப்பர் சாமான்) புதுசு போட்டு, வீல் அலைன்மென்ட் பார்த்து, டயர்ல சரியான காத்து வச்சதுக்கு அப்புறம்தான் என் வண்டி அங்க நேரா போகுது. நீங்க வண்டியை இறக்குததுக்கு ஒதுக்கின காசு அதுக்கே சரியாப் போகும்.

பாடி நல்லா இருக்குன்னு சொல்றீங்க. உள்ள தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தீங்களா? டிரைவர் கால் வைக்கிற இடம், பேட்டரி தட்டுக்கு அடி, கதவோட அடி ஓரம். கதவுக்கு அடியில தண்ணி வடியிறதுக்குச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண்ணு அடைச்சா உள்ளயே தண்ணி நின்னு அரிக்கும். ஈர்க்குச்சியால குத்தி விட்டா போதும். எங்க ஊருக்கு வந்து கடற்கரையில நிறுத்தினீங்கன்னா அன்னைக்கே அடியில நல்ல தண்ணி அடிச்சுக் கழுவிருங்க.

டிஎன்72 தாள் எழுதியது:

பேப்பர் வேலையையும் சேர்த்துச் சொல்லிடறேன். பெரியப்பா பேர்ல இருந்தா படிவம் 29, 30 கொடுத்து உங்க பேருக்கு மாத்துங்க. மாத்தின 14 நாளுக்குள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதணும். ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று) எது வரைக்கும் செல்லும்னு பாருங்க. 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சஞ்சு வருஷமாத்தான் நீட்டிப்பாங்க. 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. உங்க 60,000-ல இதுக்கும் இடம் விடுங்க.

சத்தமான சைலன்சர், இன்ஜின் மாற்றம் ரெண்டும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுல வரும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோன்னு இருக்கு. கலர் மாத்தலாம், ஆனா ஆர்சியில பதியணும். வண்டி வெள்ளைன்னா வெள்ளையிலயே பாலிஷ் போடுங்க.

சேரைமாதேவி800 எழுதியது:

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் நன்றி. லிவர் டபிள்யூ-லதான் இருந்துச்சு, இறுகிப்போய். எண்ணெய் போட்டுத் தட்டி எஸ்-க்குக் கொண்டு வந்துட்டேன். கண்ணாடியில மட்டம் புள்ளிக்கு மேல நிக்கி. கதவு ஓட்டையில இருந்து ஒரு கை மண்ணு வந்துச்சு. ஸ்பிரிங், சைலன்சர் ரெண்டையும் விட்டுட்டேன். மட்டம் மேல இருந்தா ஃப்ளோட்டை வளைக்கணுமா?

பொருநைக்கரை எழுதியது:

வளைக்கதுக்கு அவசரப்படாதீங்க. முதல்ல ஊசி வால்வையும் அதோட இருக்கையையும் கழட்டி, ஊசி நுனியில வளையம் மாதிரி தேய்ஞ்சிருக்கான்னு வெயில்ல பிடிச்சுப் பாருங்க. தேய்ஞ்சிருந்தா ரெண்டையும் ஜோடியாத்தான் மாத்தணும். ஃப்ளோட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க; உள்ள பெட்ரோல் சலசலத்தா ஓட்டை, புதுசு வேணும். ரெண்டும் நல்லா இருந்தும் மட்டம் இறங்கலைன்னாத்தான் ஃப்ளோட்டோட நாக்கை (ஊசியைத் தள்ளுத சின்னத் தகடு) மயிரிழை அளவுக்கு வளைக்கணும். மட்டம் பார்க்கும்போது வண்டி சமதளத்துல நிக்கணும், இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கணும். தொழுவத்துச் சரிவுல வச்சுப் பார்க்காதீங்க. சனிக்கிழமை பாளைக்கு வாரதா இருந்தா கேஸ்கெட் கிட்டை மட்டும் வாங்கிட்டு வாங்க, ஸ்பேனர் எங்கிட்ட இருக்கு.